பத்தியப் பெட்டியுடன் திப்ருகட் வரை

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவதுதான் நம் பக்கத்து வழக்கம். எங்கள் வீட்டில் அது தலைகீழாக நடந்தது. பெண் இருந்த ஊருக்கு அம்மா போக வேண்டியதாயிற்று. அதுவும் எங்கே? ஈரோட்டிலிருந்து அஸ்ஸாமின் கிழக்குக் கோடியில் இருக்கிற திப்ருகட்டுக்கு!

மாப்பிள்ளைக்கு ஒரு வங்கியில் வேலை. கல்யாணமான மறு வருஷமே அங்கே மாற்றலாகிவிட்டது. ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு அழைத்து வர நாங்கள் நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குள் அங்கே ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "நஞ்சு கீழே இறங்கி வழியை அடைத்தாற்போல் இருக்கிறது. ரயிலோ விமானமோ, எந்தப் பயணமும் வேண்டாம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். 2023 மார்ச் மாதம் அது. என்னவர் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறவர். புது மஞ்சள் வந்து குவிகிற சமயத்தில் அவருக்கு லீவு கிடைக்காது. பையனுக்குப் பரீட்சை. "அப்ப நான் மட்டும் போறனுங்க" என்று சொல்லிவிட்டேனே தவிர, அடிவயிறு கலங்கிற்று. நாற்பத்தேழு வயது வரை தனியாகக் கோயமுத்தூரைத் தாண்டாதவள் நான்.

"பாஷை தெரியாத ஊருக்கு ஒத்தையிலயா போற?" என்று என் மாமியார் பத்து முறை கேட்டிருப்பார். பள்ளிக்கூட நாளில் ஹிந்தி பிரசார சபாவில் பிராத்மிக் பாஸ் செய்தவள் என்ற தைரியத்தை வெளியே காட்டிக்கொண்டேன். உள்ளே 'மேஜ் பர் கிதாப் ஹை'யைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை.

நான் போனது கன்னியாகுமரியிலிருந்து திப்ருகட் செல்லும் விவேக் எக்ஸ்பிரஸ். 2011-ல் விட்ட வண்டி. 4,000 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. நம் நாட்டில் இவ்வளவு தூரம் ஓடுகிற வண்டி வேறில்லை. ஈரோட்டில் காலையில் ஏறினால் இரண்டு இரவு கழித்து, மூன்றாம் நாள் இரவு போய்ச் சேர வேண்டும். சேர்கிற நேரம் ரயில்வேக்காரர்கள் கணக்கு. வண்டியின் கணக்கு வேறு.

ஒரு டிரங்குப் பெட்டி முழுக்கப் பத்தியச் சாமான். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், கட்டிப் பெருங்காயம், உரித்த பூண்டு, செக்கு நல்லெண்ணெய், கருப்பட்டி, பாட்டில் நிறையப் பிரசவ லேகியம், குழந்தைக்குப் பழைய வேட்டித் துணிகள். பால்சுறாக் கருவாட்டை மட்டும் மூன்று பிளாஸ்டிக் உறைக்குள் கட்டி, அதையும் டப்பாவில் போட்டு மூடினேன். அப்படியும் வண்டியில் வாசனை வரத்தான் செய்தது.

எதிர் இருக்கையில் ஒரு சின்னப் பெண், இடுப்பில் இரண்டு வயசுக் குழந்தை. புருஷனும் அவளும் திருப்பூர் பனியன் கம்பெனியில் நாலு வருஷமாக வேலை செய்கிறார்களாம். ஒரிசாக்காரி. "எங்கீங்க்கா போறீங்க?" என்று அவள் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. அசல் திருப்பூர்த் தமிழ்! பக்கத்து இருக்கையில் மலையாள நர்ஸ் ஒருத்தி, அஸ்ஸாமில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள். மேலடுக்குகளில் லீவுக்கு ஊர் போகிற அஸ்ஸாம் பையன்கள் மூன்று பேர். ஈரோட்டைத் தாண்டினால் பேச ஆள் இருக்காது என்று பயந்தவளுக்குச் சேலம் வருவதற்குள்ளேயே ஒரு குடும்பம் அமைந்துவிட்டது.

அன்று பகல் காட்பாடி, நெல்லூர் என்று வெயிலில் ஓடியது. எனக்கு ஜன்னலில் கண் வைத்ததைவிட, பிளாட்பாரத்தில் மூக்கு வைத்ததுதான் அதிகம்! சிரிக்காதீர்கள். இந்தத் தேசம் மாறுவதை அடுப்படிக்காரியின் மூக்கு சட்டென்று கண்டுபிடித்துவிடும். நான் ஏறுவதற்கு முன்பே கேரளத்தைச் சுற்றி வந்த வண்டியில் தேங்காய் எண்ணெய் வாசனை. நம் பக்கம் நல்லெண்ணெயும் கடலெண்ணெயும். ஆந்திராவில் மிளகாய்க் கார நெடி, ஊறுகாய் வாசம். மறுநாள் விழித்தால் எல்லாவற்றிலும் கடுகெண்ணெய். அது கடைசி வரை விடவில்லை. ஸ்டேஷன் பலகைகளில் எழுத்து மாறுவதும் வேடிக்கை. தெலுங்கு எழுத்தின் தலையில் சின்ன டிக் அடித்த மாதிரிக் கோடு. ஒரியா எழுத்து ஒவ்வொன்றும் குடை பிடித்துக்கொண்டு நிற்கும். வங்காளம் போனால் துணி காயப்போட்ட கொடி மாதிரி மேலே ஒரு நேர்க்கோடு.

நடு ராத்திரியில் தடதடவென்று சத்தம் மாறியதில் விழித்துக்கொண்டேன். ராஜமுந்திரி. கோதாவரிப் பாலம். கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் தூரம் இரண்டு பக்கமும் இருட்டும் தண்ணீருமாகக் கிடந்தது. யாரோ ஒரு தெலுங்குப் பாட்டி தூக்கத்திலிருந்து எழுந்து ஜன்னல் வழியாகக் காசு போட்டுக் கும்பிட்டாள். நானும் முந்தானையிலிருந்து ஒரு ஐந்து ரூபாயை எடுத்துப் போட்டேன். 'தாயே, தாயும் பிள்ளையும் வேறு வேறாகணும்' என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

விசாகப்பட்டினத்தில் ஒரு கூத்து. நின்ற வண்டி கிளம்பியபோது பின்பக்கமாகப் போகிறது! நான் பதறிப்போய் நர்ஸை எழுப்பினேன். "ஒன்னுமில்ல சேச்சி, இங்க எஞ்சின மறுபக்கம் மாட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த ஸ்டேஷனின் அமைப்பே அப்படியாம். நீங்கள் போனால் என்னைப்போல் அலற வேண்டாம்.

விடிந்தபோது ஒரிசா. பெர்ஹாம்பூரைத் தாண்டினதும் வலதுபுறம் தண்ணீர் தெரிய ஆரம்பித்தது. கடலோ என்று பார்த்தால் அலையில்லை. அதுதான் சிலிகா ஏரி. மகாநதியின் கிளைகள் கொண்டுவரும் நன்னீரும் கடலின் உப்புநீரும் கலக்கிற இடம். பரப்பு சுமார் 1,100 சதுர கிலோமீட்டர். குளிர்காலத்தில் வடதேசங்களிலிருந்து லட்சக்கணக்கில் பறவைகள் இங்கே வந்து தங்கும். 1981-லேயே உலக அளவில் காப்பாற்ற வேண்டிய ஈரநிலம் என்று சேர்த்திருக்கிறார்கள். நான் போனது பங்குனி. பறவைகளில் பெரும்பாலானவை கிளம்பிப் போய்விட்டன. மீன்காரர்களின் ஒல்லிப் படகுகள் மட்டும் கோடு கோடாக நின்றன.

அந்த நேரத்தில்தான் ஒரிசாப் பெண் ஒரு தூக்குப் போசியைத் திறந்தாள். ராத்திரி சோற்றில் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் தயிர், கருவேப்பிலை. கூட வதக்கின கீரை. "பகாளங்க்கா. சாப்பிடுங்க" என்றாள். நம் பழைய சோறு! பூரி ஜகந்நாதருக்கே இதை நைவேத்தியம் செய்வார்களாம். வங்காளத்தில் பாந்தா பாத். அஸ்ஸாமில் பொய்தா பாத் என்று மேலடுக்கிலிருந்து ஒரு பையன் குரல் கொடுத்தான். நர்ஸ், "ஞங்கட பழங்கஞ்ஞி" என்றாள். காவிரிக்கரையில் நாம் சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு சாப்பிடுவதை, அவர்கள் சுட்ட மிளகாயும் கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்த உருளைக்கிழங்குமாகச் சாப்பிடுகிறார்கள். இவ்வளவுதான் வித்தியாசம்.

நான் ஒரு வாய் வைத்திருப்பேன். போன் அடித்தது. மாப்பிள்ளை.

"அத்தைங்க, பயப்படாதீங்க... குழந்தை பொறந்திருச்சு."

இன்னும் நாலு வாரம் இருக்கிறதே! எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. முதல் நாள் அவர் ஆடிட் வேலையாக வெளியூர் போயிருந்தாராம். விடியற்காலை பெண்ணுக்கு வலியே இல்லாமல் ரத்தம் படத் தொடங்கியிருக்கிறது. சுவரைத் தட்டிப் பக்கத்து வீட்டு அம்மாளைக் கூப்பிட்டிருக்கிறாள். அந்த அம்மாளும் மகனும் காரில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். உடனே ஆபரேஷன். பெண் குழந்தை, எடை 2 கிலோ 100 கிராம். "ரத்தம் நெறைய..." என்றார் மாப்பிள்ளை. அதோடு போன் அறுந்துவிட்டது.

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் லைன் கிடைக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஏரி முடிந்து, வயலும் பனை மரமும் வந்தன. ஏதோ பெரிய ஊர்கள் போயின. நான் எதையும் பார்க்கவில்லை. ஒரிசாப் பெண் குர்தா ரோடில் இறங்க வேண்டியவள். வண்டி நிற்கிற வரை என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். இறங்கும்போது, "ஜகந்நாதர் பாத்துக்குவாருங்க்கா" என்று சொல்லிவிட்டு, போசியை எனக்கே விட்டுவிட்டுப் போய்விட்டாள். அது இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

நர்ஸ்தான் எனக்குப் புரியவைத்தாள். நஞ்சு கீழே இருந்தால் பின் மாதங்களில் இப்படித் திடீரென்று ரத்தம் படுமாம். வலி இருக்காது. அதனாலேயே பலர், 'வலி இல்லையே, காலையில் பார்க்கலாம்' என்று படுத்துவிடுகிறார்களாம். இளம் தாய்மார்களே, இதை மட்டும் மனசில் போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்ப காலத்தில் ரத்தம் பட்டால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ராத்திரி என்றும் பாராமல் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "உங்க மோள் சுவரைத் தட்டியதுதான் புத்தி" என்றாள் நர்ஸ்.

மகாநதியை எப்போது தாண்டினோமோ! பாலசோர் பக்கம் மறுபடி லைன் கிடைத்தது. இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஒன்றுதான் இருந்ததாம். இன்னொன்று பக்கத்து வீட்டு அம்மாளின் மகன் கொடுத்தது. இப்போது கண் விழித்துவிட்டாளாம். "அம்மா, எங்க வந்துட்ட?" என்று ஈனஸ்வரத்தில் ஒரு குரல். "வந்துட்டேன் கண்ணு, வந்துட்டேன்" என்றேன். எங்கே வந்தேன்! இன்னும் ஒன்றரை நாள் பாக்கி இருந்தது.

வங்காளம் முழுக்க இருட்டில் போயிற்று. ஃபரக்காவில் மட்டும் பையன்கள் எழுப்பிக் காட்டினார்கள். கங்கையின் குறுக்கே 1975-லிருந்து இயங்கும் அணை. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். அணையின் மேலேயே ரயில் போகிறது. காசிக்குப் போகாமலே கங்கையைப் பார்த்துவிட்டேன். கும்பிட்டேனா என்றுகூட நினைவில்லை.

மூன்றாம் நாள் காலை நியூ ஜல்பாய்குரி. அந்த இடத்தில் நம் தேசம் கழுத்து மாதிரி ஒடுங்கிவிடுகிறது. ஒரு பக்கம் நேபாளம், இன்னொரு பக்கம் வங்கதேசம், நடுவே மிகக் குறுகலான இடத்தில் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். அதைத் தாண்டினதும் உலகமே வேறு. பாதையோரம் பச்சைக் கம்பளம் விரித்தாற்போலத் தேயிலை. நம் நீலகிரியில் தேயிலை மலைச் சரிவில்தானே இருக்கும்? இங்கே சமதரையில் இருக்கிறது! மேலே நிழல் மரங்கள். கோக்ராஜார் பக்கம் போடோ இனப் பெண்கள் மஞ்சளும் பச்சையுமாக தொக்னா என்ற உடையை மார்போடு சுற்றிக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போனார்கள். வீட்டுக்கு வீடு பாக்கு மரம். பாக்குக்கு அஸ்ஸாமியில் 'தாமூல்' என்று பெயராம். நம் தாம்பூலத்தின் தங்கைதான்! விருந்தாளி வந்தால் முதலில் தட்டில் வைப்பதும் அதைத்தான்.

மத்தியானம் சராய்காட் பாலத்தில் பிரம்மபுத்திராவைத் தாண்டினோம். 1962-ல் திறந்த பாலம். நம் நதிகளுக்கெல்லாம் தாய் என்று பெயர். இந்த நதி ஆண்பிள்ளை. பிரம்மாவின் புத்திரன். அகலத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. குவாஹாத்தியில் நர்ஸ் இறங்கிக்கொண்டாள். அங்கிருந்து காடும் மலையும். சாயங்காலம் நாகாலாந்தின் திமாபூர். வண்டி தாமதமாகித் திப்ருகட் போய்ச் சேர்ந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. என் டிரங்குப் பெட்டியை அந்தப் பையன்களில் ஒருவன் தலையில் தூக்கிக்கொண்டு வந்து மாப்பிள்ளையிடம் கொடுத்தான். கருவாட்டு வாசனை பற்றி மூன்று நாளும் ஒரு வார்த்தை சொல்லாத பிள்ளை!

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பூனைக்குட்டி மாதிரி என் பேத்தி. வெளுத்துப் போய்க் கட்டிலில் என் பெண். அவள் தலைமாட்டில் அறுபது வயதிருக்கும் ஒரு அம்மாள் உட்கார்ந்து, ஸ்பூனால் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவருக்கு ஒரு கும்பிடு போட வேண்டியவள், "ஐயோ, பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணி குடுக்கலாமா!" என்று டம்ளரைப் பிடித்துக்கொண்டேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அங்கிருந்த நர்ஸ் என்னைக் கடிந்துகொண்டாள். ஆபரேஷன் ஆகி, அவ்வளவு ரத்தம் போனவளுக்குத் தண்ணீர் குறைத்தால் பால் சுரக்காது, நீர்க்கடுப்பு வரும், மலம் கட்டிக்கொள்ளும் என்று ஹிந்தியில் பொரிந்து தள்ளினாள். பாதிதான் புரிந்தது, அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. எனக்குத் தலைப்பிரசவத்தில் நாக்கு வறண்டு, திருட்டுத்தனமாகக் குழாயில் வாய் வைத்துக் குடித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அந்த அம்மாளை என் பெண் 'பாய்தேவ்' என்று கூப்பிடுவாள். அக்கா என்று அர்த்தம். எனக்கும் அவர் பாய்தேவ்தான். மறுநாள் பத்தியச் சாப்பாடு கொண்டுவந்தார். மீசை வைத்த ஆற்று மீனை மிளகு அரைத்து விட்டு, தண்ணீராகக் கொதிக்கவைத்த குழம்பு. நோயாளிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் அங்கே அந்த மீன்தான். கூடவே ஒரு கீரை. 'மணிமுனி' என்றார். இலையைக் கையில் எடுத்துப் பார்த்தால் நம் வல்லாரை! நான் சுக்கையும் திப்பிலியையும் எடுத்துக் காட்டினேன். அவர் மோந்து பார்த்துச் சிரித்தார். பெருங்காயத்தை மோந்தபோது மட்டும் முகம் சுளித்தார். டாக்டரம்மாவிடம் கேட்டு, பூண்டும் மிளகும் சேர்த்துக்கொண்டோம். லேகியம் நெல்லிக்காய் அளவுக்கு மேல் வேண்டாம் என்று விட்டோம். வசம்பு, உரைமருந்து எதையும் குழந்தை வாயில் வைக்கக்கூடாது, தாய்ப்பால் மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். எட்டாம் நாள் குழந்தையைக் கையில் கொடுத்தார்கள். நெஞ்சோடு அணைத்து, உடம்புச் சூட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நானும் பாய்தேவும் பெண்ணுக்கு மாற்றாளாக முறைபோட்டு வைத்துக்கொண்டோம்.

அங்கே நான் முதலில் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது வெயிலை! நாலரை மணிக்கே பளபளவென்று விடிந்துவிடுகிறது. இருப்பது தேசத்தின் கிழக்குக் கோடி, கடிகாரம் மட்டும் நம்முடையது. தேயிலைத் தோட்டங்களில் ஒரு மணி நேரம் முன்னால் வைத்துத் தனிக் கணக்கே உண்டு. 'பாகான் டைம்' என்பார்கள். அந்தத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளுகிறவர்களின் பாட்டன் பூட்டன்கள் சோட்டா நாகபுரி, ஒரிசாவிலிருந்தும், தெலுங்கு நாட்டிலிருந்தும்கூட வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவரப்பட்டவர்கள். நம் ஜனங்களை இலங்கைக்குக் கூட்டிப்போன அதே கதைதான்.

ஒரு நாள் சாயங்காலம் பாய்தேவ் என்னை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனார். ஊரைக் காப்பாற்ற நீளமாகக் கரை கட்டியிருக்கிறார்கள். 1950 ஆகஸ்ட் 15. தேசமே கொடியேற்றிய அன்று இரவு அங்கே பூமி நடுங்கியது. 8.6 அளவு. மலைகள் சரிந்து மண் ஆற்றில் இறங்கி, ஆற்றின் தரையே மேலே வந்துவிட்டதாம். பிறகு ஆறு ஊரைக் கரைத்துத் தின்றது. தண்ணீரைக் கையால் காட்டி, "எங்கள் மாமனார் வீடு அங்கே இருந்தது" என்றார். அங்கே ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் போகிபீல் பாலம். 2018 டிசம்பரில் திறந்தது, நீளம் 4.94 கிலோமீட்டர். அதற்கு முன்பெல்லாம் அக்கரையில் பிரசவ வலி எடுத்தால் படகுதான்.

சித்திரை ஒன்று வந்தது. நான் காலையில் மாங்காய்ப் பச்சடிக்கு வேப்பம்பூ இல்லையே என்று விசனப்பட்டுக்கொண்டிருக்கிறேன், வெளியே ஒரே ஆரவாரம். மாடுகளைக் குளிப்பாட்ட ஓட்டிப் போகிறார்கள்! அவர்களுக்கு அன்று போஹாக் பிஹு தொடக்கம். முதல் நாள் மாட்டுக்கு. மஞ்சளும் உளுந்தும் அரைத்துப் பூசி, சுரைக்காய், கத்தரிக்காய்த் துண்டுகளைத் தின்னக் கொடுக்கிறார்கள். நம் மாட்டுப்பொங்கல் மூன்று மாதம் கழித்து அங்கே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். தையில் நாம் பொங்கல் வைக்கிற சமயம் அவர்களுக்கு மாக் பிஹு. அதில் நம் போகி மாதிரி விடியற்காலையில் நெருப்பு மூட்டுவார்களாம். மறுநாள் பெரியவர்களை வணங்கித் துணி கொடுக்கிற நாள். பாய்தேவ் தன் கையால் நெய்த, வெள்ளையில் சிவப்புக் கரை போட்ட கமோசாவை என் தோளில் போட்டார்.

தறி அங்கே பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. நம் ஈரோட்டிலும் தறி உண்டு; ஆனால் அது பிழைப்பு. இங்கே அம்மியும் உரலும் மாதிரித் தறி ஒரு வீட்டுச் சாமான். முகா என்ற பட்டு இயற்கையாகவே பொன்நிறம், அஸ்ஸாமுக்கே உரியது. எனக்கு மனசுக்குப் பிடித்தது 'எரி' பட்டு. எரி புழுவுக்குத் தீனி ஆமணக்கு இலை. அங்கே ஆமணக்குக்குப் பெயரே 'எரா'. கூட்டின் ஒரு முனை திறந்திருப்பதால் பூச்சி வெளியே போன பிறகு நூல் எடுக்க முடிகிறது. நாம் விதையை ஆட்டி விளக்கெண்ணெய் எடுக்கிறோம்; அவர்கள் அதே செடியின் இலையைப் போட்டுப் பட்டெடுக்கிறார்கள்.

அந்த வாரத்தில் ஒரு ராத்திரி, தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகிறாற்போல் காற்று. குழந்தையை அணைத்துக்கொண்டு நான் ராமஜெயம் சொல்ல, பாய்தேவ் சாவதானமாக, "பயப்படாதே, பொர்தைசிலா போகிறாள்" என்றார். யார் அது? கட்டிக்கொடுத்த பெண்ணாம். பிஹுவுக்குத் தாய்வீடு போகிற அவசரத்தில் தலைமயிர் பறக்க, வழியில் இருக்கிற மரத்தையும் வேலியையும் தள்ளிக்கொண்டு ஓடுகிறாளாம். அதுதான் சித்திரைப் புயல். என் பெண் கட்டிலில் படுத்தபடியே, "எங்க வீட்டுல அம்மா பொர்தைசிலா" என்றாள். நான் கொசுவலையைச் சரிசெய்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொசுவலை என்றதும் ஞாபகம் வருகிறது. அந்தப் பக்கம் குழந்தைகளோடு போகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. போக நல்ல காலம் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை. பிறகு மழையும் வெள்ளமும். காசிரங்கா தேசியப் பூங்காவையும் மழைக்காலத்தில் மூடிவிடுவார்கள். (2022 கணக்கில் அங்கே 2,613 ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகங்கள் இருந்தன. நான் ஒன்றையும் பார்க்கவில்லை. எனக்குப் பேத்தி போதும்.) அருணாசலம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூருக்குள் இறங்கிச் சுற்ற வேண்டுமானால் முன்னாலேயே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ரயிலில் புளிச்சோறு இரண்டு வேளை தாங்கும். தேங்காய் சேர்த்தது எதையும் எடுத்துப் போகாதீர்கள். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலு கைப்பையில் இருக்கட்டும்.

நாற்பத்தைந்து நாள் கழித்து என்னவர் அழைத்துப் போக வந்தார். திரும்பும்போது குவாஹாத்தியில் ஒரு நாள் இறங்கிக் காமாக்யா தரிசனம். கர்ப்பக்கிருகத்தில் விக்கிரகம் கிடையாது. பாறைப் பிளவும் அதில் ஊறுகிற நீரும்தான் அம்பாள். ஆனி மாதத்தில் அம்பாள் மாதவிலக்காகிறாள் என்று மூன்று நாள் கோயிலை மூடி, பிறகு திருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள். லட்சக்கணக்கில் ஜனம் வருமாம். அந்த மூன்று நாளும் கொல்லைத் திண்ணையில் தனித் தட்டோடு உட்கார்ந்து வளர்ந்தவள் நான். என் மாமியாரிடம் இதைச் சொன்னபோது வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்பாளுக்கேவா?" என்றார்.

கிளம்புகிற அன்று என் டிரங்குப் பெட்டி காலி. மிச்சமிருந்த பெருங்காயம் பாய்தேவின் அடுப்படிக்குப் போய்விட்டது. பருப்பில் போடக் கற்றுக்கொண்டுவிட்டார். பெட்டி நிறைய அவர் வைத்தது கோமல் சாவுல் என்கிற அரிசி. அதை அடுப்பில் வைக்கவே வேண்டாம். தண்ணீரில் ஊறவைத்தால் சோறு! குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவளுக்கு நான் ஆய்த்தா" என்றார். அப்படியென்றால் பாட்டி. "நான் அம்மாயி" என்றேன். அவருடைய மகனிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று ஹிந்தியில் இரண்டு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவன் காலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "ரயிலுக்கு நேரமாச்சு மாஹி" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டான்.

மறுநாள் மாலை சிலிகா ஓரமாக வண்டி போய்க்கொண்டிருந்தது. டம்ளரில் அந்த அரிசியைப் போட்டு, தண்ணீர் விட்டு மூடிவைத்தேன். அரை மணியில் மல்லிகைப் பூவாக ஊறியிருந்தது. தயிரும் வெல்லமும் போட்டுப் பிசைந்தேன். எதிர் இருக்கையில் ஒரு தெலுங்குக்காரம்மா வெகுநேரமாக அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில்லாமல் சோறு எப்படி வந்தது என்று கைஜாடையில் கேட்டார். நான் பையைத் திறந்து அரிசியைக் காட்டினேன். அவர் தன் பையிலிருந்து ஆவக்காய் ஜாடியை எடுத்தார்.